இயந்திரக் கோளாறு அல்ல

எனக்கு எளிதில் இருமல் வராது. தும்மல், விக்கல்கூட அபூர்வம். அந்த வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான்.

உங்கள் கோப்பில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதி மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. பேருந்து ஏறி நானே வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனியாக இருப்பவர்கள் பேச்சுத் துணைக்கு எங்கள் கம்பெனியை அழைப்பார்கள். எடுத்துப் பேசுவது இயந்திரம். இயந்திரம் என்று தெரிந்துதான் பேசுவார்கள். மனிதர்களிடம் சொல்லக் கூசுவதை அதனிடம் சொல்லலாம் அல்லவா. ஆனால் அது அடிக்கடி திக்கி நின்றுவிடும். அப்போது அந்த அழைப்பு, இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் எட்டுப் பெண்களில் ஒருத்திக்கு வரும். நாங்கள் இயந்திரம் மாதிரியே பேச வேண்டும். இப்படி எட்டுப் பேர் இருப்பதைக் கம்பெனி வெளியே சொல்லாது. உங்களிடமும் சொல்லியிருக்காது.

அதற்குப் பயிற்சி உண்டு. வேலைக்கு முன்னால் பத்து நிமிடம் பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு படிக்க வேண்டும். குரலில் ஏற்ற இறக்கம் செத்துப்போகும். மூச்சை இழுக்கும்போது மைக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். எதிராளி பேசி முடித்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத்தான் பதில். அந்தப் பதிலும் அட்டையில் இருக்கும் ஏழு வாக்கியங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் பக்கத்து நாற்காலிக்காரியைக் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் வாய் தவறி, "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்டுவிட்டாள். உடனே புகார் வந்தது: "உங்க மெஷின் என்னவோ மனுஷி மாதிரி பேசுது. பயமா இருக்கு." மேற்பார்வையாளர் அவளைத் திட்டிவிட்டு என்னைக் காட்டினார்.

"இந்த அம்மாவைப் பாருங்க. இவங்க பேசினா மெஷினே உட்கார்ந்து கத்துக்கும்."

குண்டூசி என் காதருகே குனிந்தாள். "அக்கா, நிஜமாச் சொல்லுங்க. சார்ஜ்ல போட்டுக்கிட்டுத்தான் தூங்கறீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அந்தக் கேலி எனக்குப் பத்தொன்பது வருடப் பழசு.

என் கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை, என் நாத்தனார், எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அண்ணன் இப்படிக் கிடக்கறான், இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே. இவ மனுஷியா, மெஷினா?"

பன்னிரண்டு வயதில் என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த வாரமே, "நான் அத்தைகூட இருந்துக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள் என்பதே எனக்குப் பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் தெரியும்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, இயந்திரம் திக்கி எனக்கு வந்த அழைப்பில் நாத்தனார் பேசினாள்.

"உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

ஒன்று, இரண்டு. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாலு முறையாவது எனக்கே வந்தாள். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். கால் வலி, பக்கத்து வீட்டு நாய், என் மகளிடமிருந்து போன் வராதது என்று பேசிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் சொன்னாள்:

"அண்ணன் போன அன்னிக்கு அவங்க குளியலறைல குழாயைத் திறந்து விட்டுட்டு, துண்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுததைக் கதவிடுக்குல நான் பார்த்தேன். பார்த்துட்டு வந்துதான் அப்படிக் கேட்டேன். எனக்குக் குழந்தை இல்ல. அந்தப் பொண்ணு என்கிட்ட வரணும்னு இருந்துச்சு."

"பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றேன். அட்டையில் ஐந்தாவது வாக்கியம்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, காலை பதினொன்றே கால் மணிக்கு மறுபடி வந்தாள். "விழுந்துட்டேன். இடுப்பை அசைக்க முடியல. தலைக்கடியில ஈரமா இருக்கு. யாரையாவது அனுப்புங்க."

'விழுந்துட்டேன்' என்று காதில் விழுந்தாலே போதும், இயந்திரம் தானாக ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடும். எங்களுக்கு அதற்காக மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. "உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றேன். சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். இருபத்தைந்து நிமிடம் அப்படிப் போயிற்று. பதிவைக் கேட்ட உங்களுக்கும் அது இயந்திரம் என்றுதான் தோன்றியிருக்கிறது. என் வேலை சுத்தம்.

அதனால் இயந்திரத்தின் மேல் பழி போடாதீர்கள். அதற்கு மகள் இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அது தூங்கியதில்லை. அதன் கையில் இருந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே அழுத்தாமல் இருக்க மனுஷியால்தான் முடியும். என் மகளிடமும் இதைச் சொல்லுங்கள். உன் அம்மா மெஷின் இல்லை, எங்களிடம் நிரூபித்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.

பதிவின் கடைசிப் பகுதியை 'மயக்க உளறல்' என்று குறித்திருக்கிறீர்களாம். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அவள் தெளிவாகத்தான் பேசினாள்.

"அண்ணி, நீங்கதான்னு முதல் நாளே தெரியும். நாலு வருஷம் ஒரே அடுப்படியில நின்னவ, உங்க குரல் தெரியாதா எனக்கு? மெஷின் திக்காமப் பேசினா வச்சிடுவேன், வேற பொண்ணு வந்தாலும் வச்சிடுவேன். நீங்க வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பேன். நேர்ல வந்து சொல்ல முகம் இல்ல அண்ணி. ஒரே ஒரு வார்த்தை, உங்க குரல்ல பேசுங்க."

ஒன்று, இரண்டு எண்ணினேன். "மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

மறுபடி சொன்னாள். நானும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை 'அண்ணி' என்பது மட்டும்தான் வந்தது. அப்போதும் மூச்சு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இணைப்பைத் துண்டித்தது நான்தான். அதில் கோபதாபம் எதுவும் கிடையாது. அடுத்த அழைப்பு காத்திருந்தது.