கழுதை ஓட்டு

அங்க வேணாம் மிஸ், அந்த ஜன்னலாண்ட உக்காராதீங்க. கொஞ்ச நேரத்துல வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும், பேனாவப் புடிக்கவே கண்ணு கூசும். இருங்க, மேசைய நான் இப்படி நகத்தித் தர்றேன். ஓட்டுப் பெட்டியத் தொட மாட்டேன், பயப்படாதீங்க. மேசைய மட்டுந்தான். வார்டர் ஹாலரன் சாரு வாசல்லயே நிக்கிறாரு, பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.

நானா? லைல். இந்த ஜெயில் லைப்ரரியப் பெருக்குறது, புஸ்தகம் அடுக்குறது எல்லாம் நான்தான். நேத்தே சொல்லிட்டாங்க, தேர்தல் ஆளுங்க வர்றாங்க, எடத்தச் சுத்தம் பண்ணி வைன்னு. கண்ணாடி கூடத் தொடச்சேன், பாத்தீங்களா?

இல்ல மிஸ், எம்பேரத் தேடாதீங்க. எனக்கு ஓட்டு கெடையாது. மூணு வருஷத்துக்குக் கம்மியாத் தண்டனை வாங்கினவனுக்குத்தான் ஓட்டு. நான் அந்தக் கோட்டத் தாண்டி எங்கயோ போயிட்டேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஒருத்தன சுட்டுக் கொன்னுட்டு வந்தவன் நான். வறட்சிக் காலம். பக்கத்துப் பண்ணைக்காரன் எங்க வாய்க்கா மதகத் தொறந்து தண்ணியத் திருப்பிட்டான். மிரட்டத்தான் போனேன்னு கோர்ட்டுல சொன்னேன். மிரட்டப் போறவன் துப்பாக்கில எதுக்குய்யா தோட்டாவப் போட்டுக்கிட்டுப் போனேன்னு கேட்டாங்க. விடுங்க.

ஆமா, கூட்டம் பரவாயில்லதான? போன தேர்தலுக்கு ஒரு வயசான அம்மா வந்திருந்தாங்க. பாவம், ஆளே வராம ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பாதிக் கைய முடிச்சிட்டுத்தான் போனாங்க. இந்தத் தடவ வந்தவனுங்கள்ல பாதிப் பேர நாந்தான் புடிச்சுத் தள்ளிவிட்டேன்.

எதுக்கா? அட, அது அவங்க உரிமைதான மிஸ். ஹாலரன் சாருக்குப் புடிக்காது. சட்டத்த ஒடச்சவன் சட்டம் போடறவனத் தேர்ந்தெடுக்கறதா, நல்லாருக்கே கதைம்பாரு. நியாயமான கேள்விதான், நான் இல்லங்கல. ஆனா பாருங்க, வெளியில இருந்தப்ப ஓட்டுப் போடலன்னா வீட்டுக்கு அபராதம் வந்துரும். ஏன் வரல, எங்க போனேன்னு கேப்பாங்க. எரிச்சலா இருக்கும். உள்ள வந்தப்புறம் வராட்டியும் ஒருத்தரும் கேக்கறதில்ல. ஏன் வரலைன்னு திட்டறதுக்குக் கூட ஆளில்லாமப் போறது இருக்கே, அது ரொம்பத் தனிமை மிஸ். பூட்டு கூட அவ்வளவு தெரியாது. அதான் தெரியும்.

எங்க ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன் இன்னும் பாக்கி. பாரின்னு பேரு. ஆட்டுத் திருடன். லாரி வச்சு ஓட்டிட்டுப் போயிருக்கான், ஒண்ணு ரெண்டு இல்ல, மந்தையாவே. எம்பொண்டாட்டியே என்ன ஒரு ஆளா மதிக்கல, கவர்மெண்டு மதிக்குதாக்கும்னு சொல்லிட்டுத் திரியுறான். வருவான். வரணும். நீங்க எப்ப மூட்டை கட்டுறீங்க? மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சதுமா? அப்ப நேரம் இருக்கு.

வெளியிலன்னா இந்நேரம் ஸ்கூல் வாசல்ல சாசேஜ் சுட்டு, வெங்காயத்த வதக்கி, ரொட்டியில மடிச்சுக் குடுப்பாங்க. ஓட்டு அப்புறம், மொதல்ல அந்த வரிசைதான் நீளமா இருக்கும். இங்க அதெல்லாம் குடுத்தா பூரா ஜெயிலும் வந்துரும், கொலைகாரன் மொதல்ல வருவான்!

சிரிங்க மிஸ், சிரிச்சா கேஸு இல்ல.

எப்படி வர வச்சேன்னா கேக்குறீங்க? இவனுங்களுக்கு என்ன எரிச்சல்னா, ரொம்பப் புடிச்சவனுக்கு ஒண்ணு, அடுத்தவனுக்கு ரெண்டுன்னு எல்லாக் கட்டத்துலயும் நம்பர் எழுதணும்ல. ஒண்ண விட்டாலும் செல்லாது. யாருன்னே தெரியாத ஆளுங்களுக்கு வரிசை போடச் சொன்னா எவன் போடுவான்? அதனால நான் என்ன சொன்னேன்னா, டேய், தலையப் போட்டு ஒடச்சுக்காதீங்க, மேலருந்து கீழ நேரா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எறங்கிட்டு வந்துருங்கடான்னேன்.

அதேதான். கழுதை ஓட்டு. உங்களுக்குத் தெரியாததா.

மூஞ்சி மாறுதே மிஸ். தப்பா? இந்த ரூமுக்குள்ள சொல்லலயே. துணி தொவைக்கற எடத்துல வச்சுத்தான் சொன்னேன். அங்க பெட்டியும் இல்ல, நீங்களும் இல்ல. செல்லாத ஓட்டுக்குக் கழுதை ஓட்டு மேலுதான?

யாருக்குப் போகுதுன்னு கவனிச்சேனா? ம்... கவனிச்சேன். அவனவனுக்கு அவனவன் சொந்த ஊர்ச் சீட்டுதான; எங்க தொகுதிக்காரனுங்க பாரியோட சேத்து நாலு பேரு, அந்தச் சீட்டுல குலுக்கல்ல மொத எடம் ஒரு பொண்ணுக்கு விழுந்திருக்கு. டிவில காட்டுனாங்க. எங்க பிளாக்குல எல்லாரும் சேந்துதான் பாத்தோம். கைதிங்களுக்கு ஓட்டே குடுக்கக் கூடாது, ஒரு நாள் உள்ள இருந்தாலும் கெடையாது, நான் ஜெயிச்சா அதத்தான் மொதல்ல பேசுவேன்னு சொல்லுச்சு. நிமிந்து உக்காந்து, கையக் கால ஆட்டாம, தெளிவாச் சொல்லுச்சு. இவனுங்க செருப்பக் கழட்டி டிவி மேல அடிச்சானுங்க. நானும் கத்துனேன். கத்தாட்டி என்னடான்னு பாப்பானுங்க.

ஆமா மிஸ், அந்தப் பொண்ணுக்குத்தான். இவனுங்க கையாலயே. பேரு எவனுக்கும் ஞாபகம் இல்ல, மூஞ்சிதான் ஞாபகம். தெரிஞ்சா என்னைத் துணியோட சேத்துத் தொவச்சுக் காயப்போட்டுருவானுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. ரகசியம் காக்குறதுதான உங்க வேல.

அந்தா வந்துட்டான் பாருங்க. வாடா பாரி! என்னடா மாப்ள மாதிரி தலையெல்லாம் சீவிட்டு வர்ற? மிஸ் கேக்குறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. முழுப்பேரு சொல்லுடா, பட்டப்பேரு இல்ல. நான் தள்ளிப் போறேன் மிஸ், இந்தா இந்த அலமாரிக்கிட்ட நிக்கிறேன். பாரி, சொன்னது ஞாபகம் இருக்கில்ல? சரி சரி, பேசல மிஸ், வாயத் தொறக்கல.

...

முடிஞ்சுதா? மடிச்சு உள்ள போட்டியா? என்னடா பல்லக் காட்டுற? என்னது, படிச்சுப் பாத்தியா? ஒவ்வொரு பேரயுமா! நீ என்னைக்குடா படிச்ச? ஓ, டிவில மூஞ்சிக்குக் கீழ போட்ட பேரு ஞாபகம் இருந்துச்சா. அந்தப் பொம்பளதானா அது. மேலயே இருந்தாளா. கடைசி நம்பரா போட்ட? அத்தனை பேருக்கும் அப்புறமா? ஹா... ஹா... நல்லாப் பண்ணுனடா. வேணும் அவளுக்கு. போ, போ, சாப்பாடு வந்துரும்.

போயிட்டான்.

இல்ல மிஸ், ஒண்ணுமில்ல. புஸ்தகத் தூசி. உக்காருறேன், ஆமா, ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன். ஹாலரன் சார், கொஞ்சம் உக்காந்துக்கறேன் சார்.

ஒரு சின்ன உதவி மிஸ். எங்க தொகுதிச் சீட்டு எழுதாதது ஒண்ணு அங்க கெடக்கே, அத இப்படித் திருப்பிக் காட்டுவீங்களா? கையில குடுக்க வேணாம். அங்கருந்தே. கண்ணாடிய எடுத்துக்கறேன்... ம். ரோவெனா டெய்ட். அச்சுல நல்லாத்தான் இருக்கு. டெய்ட்டுங்கறது அவ அம்மா அப்புறமாக் கட்டிக்கிட்ட ஆளு பேரு. நல்ல மனுஷன்னு கேள்வி. ரோவெனாங்கறது எங்கம்மா பேரு. நான் வச்சது.

ஆமா. எம்பொண்ணு.

ஐயோ, நீங்க எதுக்கு கண்ணத் தொடைக்கிறீங்க? வேணாம் மிஸ், ஹாலரன் சாரு பாத்தா நான் என்னமோ சொல்லி மெரட்டிட்டேன்னு நெனப்பாரு. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. நான் செத்தாலும் தெரியப்போறதில்ல. ஒரு தகப்பன் பொண்ணுக்கு என்னென்னமோ செய்வான், கல்யாணத்துல கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவான். எனக்கு வாச்சது இதுதான், நாலு கழுதை ஓட்டு. அதுலயும் ஒண்ணு போச்சு.

பாக்க வந்தாளான்னா? வரல. எப்படி வருவா? அன்னைக்கு டிவில கடைசியா அப்பாவப் பத்திக் கேட்டாங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே அவரு தவறிட்டாருன்னு சொல்லிட்டா. கொரலு கொஞ்சம் எறங்குச்சு, அவ்வளவுதான். செருப்ப எடுத்தவனுங்க கூட அதக் கீழ போட்டுட்டானுங்க. பாரி பாவம்னான். நானும் பாவம்னேன்.

கோவமெல்லாம் இல்ல மிஸ். செத்துப்போனவனுக்கு எதுக்கு ஓட்டு, சொல்லுங்க.