நிரம்பிய படகும் காலியான செயலியும்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன ஆண்டு எனக்கு மேடை தரவில்லை, பொறுத்தேன். இந்த ஆண்டும் தரவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்து பிறர் பேச்சுக்குக் கைதட்டினேன். பிடித்த கைபேசிச் செயலிகளை மேடையேறிப் பரிந்துரைக்கும் கெஸ்ட்ரல் தீவின் செயலி மாலை நேற்று நடந்து முடிந்தது. அதில் பேசப்படாமல் போன பேச்சு இது. நீங்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிற்பதாக நான் நினைத்துக்கொள்கிறேன்.

மணியடித்துப் பேச்சாளரை உட்கார வைப்பதையே பொதுப்பணியாகக் கொண்ட அவைத் தலைவர் லோர்னா ஹாஸ்கெட் அவர்களே. முன்வரிசையில் கம்பளி பின்னியபடியே ஒரு சொல் விடாமல் கேட்கும் பெரியோர்களே. சிப்பி சூப்பும் பெர்ரி கேக்கும் சமைத்து வந்து, யார் பாத்திரம் முதலில் காலியாகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்திருக்கும் தாய்மார்களே. கோடை விருந்தாளிகள் மூட்டை கட்டிய பிறகும் மழையோடும் மின்வெட்டோடும் இந்த மண்ணில் மல்லுக்கட்டும் மாண்புடையோரே. கடைசி வரிசையில் கதவோரம் கைகட்டி நிற்கும் மளிகைக்கடை வெண்டெல் கிரேகி அவர்களே, உங்களையும் விட்டுவிடவில்லை. அனைவருக்கும் என் வணக்கம்.

மேடை கேட்டு லோர்னாவிடம் நான் போகாமல் இல்லை. போனேன்.

"இந்த வருஷமும் வேணாம் வாத்தியாரே" என்றார்.

"ஏன்?"

"செயலின்னு ஆரம்பிப்பீங்க. வெண்டெல்லதான் கொண்டுபோய் முடிப்பீங்க. மணியடிச்சு மணியடிச்சு என் கைதான் வலிக்குது."

"இந்தத் தடவை அவன் பேரே வராது."

"அப்புறம் என்னத்ததான் பேசுவீங்க?"

எனக்குப் பதிலாக யாரை அழைத்தார்கள்? கடலுக்கு அந்தப் பக்கக் கரையிலிருந்து ஒரு நிபுணரை. அவர் எதைப் பரிந்துரைத்தார்? தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலியை. நான்கு பக்கமும் தண்ணீர், தலைக்கு மேலே எட்டு மாதம் தண்ணீர், கூரை ஒழுகினால் கட்டிலிலும் தண்ணீர். நமக்குத் தண்ணீரை நினைவூட்ட ஒரு செயலி. நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

ஆனால் அன்பர்களே, அத்தனை பேர் பேசினீர்களே, படகுத்துறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா? மாலையில் அக்கரைப் போர்ட் ஹார்லனிலிருந்து நம்மை வீட்டுக்குக் கொண்டுவரும் கடைசிப் படகு நவம்பரிலிருந்து நிற்கப்போகிறது. இந்த அக்டோபரில் செயலியில் பதிவாகும் இடங்களைப் பார்த்து முடிவெடுப்பார்களாம். செயலியில் பதிவானால்தான் பயணி. பதிவாகாதவர் படகில் ஏறி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாலும், அவர் கணக்கில் காற்று.

அதற்குத்தான் வருகிறேன். ஆனால் இது செயலி மாலை. முறைப்படி வேலைக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று மூன்றைச் சொல்லித்தான் வருவேன்.

முதலாவது, வேலைச் செயலி. நீலக் கட்டத்தில் வெள்ளைச் சரிக்குறி போட்டிருக்கும். செய்ய வேண்டியதை எழுதினால் தினமும் நினைவூட்டும். செய்து முடித்துக் குறி போட்டால், திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கும். நாற்பத்தொன்பது வயதில் என்னைப் பாராட்ட இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நானும் எழுதினேன். கூரையைச் சுத்தம் செய்ய வேண்டும், எழுதினேன். விறகு அடுக்க வேண்டும், எழுதினேன். வெண்டெல்லோடு பேசக் கூடாது, அதையும் எழுதினேன். கூரையில் இன்று பாசி செழிக்கிறது. விறகு நனைகிறது. ஆனால் மூன்றாவது வேலையில் மூன்று ஆண்டுகளாக, போன வாரம் வரை, ஒரு நாள் தவறவில்லை. தினமும் குறி, தினமும் வண்ணக் காகிதம். மனிதனுக்கு உறுதி வேண்டுமா, இந்தச் செயலியை இறக்குங்கள்.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள். ஏன் பேசுவதில்லை என்று தெரியாதவர் இந்தத் தீவில் யாருமில்லை. இருந்தாலும், அண்மையில் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில், கார்களையும் ஏற்றிச் செல்லும் படகுக்காக வரிசையில் காரை நிறுத்துவோம். சாவியை அதிலேயே விட்டுவிட்டு, மேட்டிலிருக்கும் காப்பிக் கொட்டகைக்கு ஏறிவிடுவோம். வரிசை நகர்ந்தால், பின்னால் இருப்பவர் தன் வண்டியோடு நம் வண்டியையும் நகர்த்துவார். கரைக்காரர்கள் இதைக் கேட்டால் நம்மைப் பைத்தியம் என்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் எனக்குப் போர்ட் ஹார்லனில் நேர்காணல், நூலகத் தலைவர் பதவிக்கு. கோட்டும் சான்றிதழ்களும் என் காரில், அந்தப் பச்சை வேகனில் இருந்தன. எனக்குப் பின்னால் வெண்டெல்லின் டிரக். இலவங்கப்பட்டை ரோல் அடுப்பிலிருந்து இறங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். படகு அன்று சீக்கிரமாக ஏற்றத் தொடங்கிவிட்டது. நல்ல மனிதர் வெண்டெல் என்ன செய்தார்? என் காரை நகர்த்தினார். நகர்த்தினார், நகர்த்தினார், படகுக்குள்ளேயே நகர்த்திவிட்டார். பிறகு ஓடிப்போய்த் தன் டிரக்கையும் கொண்டுவந்து அதன் பின்னால் நிறுத்தினார். நான் நடந்து ஏறியிருப்பேன் என்று நினைத்தாராம்.

கையில் ரோல், தாடியில் சர்க்கரைப் பாகு. நான் வெளியே வந்தபோது என் கார் கடலில் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்திலிருந்து வெண்டெல் கையை ஆட்டிக் கத்தினார்: "கவலப்படாதீங்க வாத்தியாரே, அந்தப் பக்கம் நெழல்ல நிறுத்தறேன்."

நிழலில்.

அடுத்த படகில், கோட்டில்லாமல், தாமதமாகப் போய் நின்றேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். "என் கார் எனக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் இன்று அந்த நூலகத்தில் புத்தகங்களை நிறவாரியாக அடுக்குகிறார். நான் இன்றும் பிற ஆசிரியர்கள் விடுப்பு எடுக்கும் நாட்களில் மட்டும் வகுப்பெடுக்கிறேன். அன்று மாலை வெண்டெல் என் காரைத் திருப்பிக் கொண்டுவந்தார். கழுவியிருந்தார். பெட்ரோல் நிரப்பியிருந்தார். அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

மணியடிக்காதீர்கள் லோர்னா, இரண்டாவது செயலிக்கு வந்துவிட்டேன்.

அது வாசிப்புச் செயலி. திறந்த புத்தகத்தின் மேல் பூனை படுத்திருக்கும் படம். நூலக அட்டை இருந்தால் போதும், புத்தகத்தை இரவல் தரும். கேட்டால் படித்தும் காட்டும். இதைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை. புத்தகம் என்றால் கையில் கனக்க வேண்டும் என்பேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் வெண்டெல்லின் மனைவி பெர்னடெட்.

பெர்னடெட் வாரத்தில் மூன்று நாள் எங்கே போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். போர்ட் ஹார்லனில் சிறுநீரகச் சிகிச்சை. போன வாரம் காப்பிக் கொட்டகையில் என் எதிரே வந்து உட்கார்ந்து கைபேசியை நீட்டினார்.

"இதுல புத்தகம் படிச்சுக் காட்டுமாமே, போட்டுக் குடுங்க. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதைத்தான் அவன்கிட்ட சொல்றேன்?"

"அதான் உங்ககிட்ட வந்தேன். ரகசியம் காக்க உங்களவிட்டா தோதான ஆளு ஏது? பேசினாத்தானே வெளிய வரும்."

"என்ன புத்தகம் வேணும்?"

"கொலைக் கதையாப் போடுங்க. நெறையப் பேரு சாகணும். நாலு மணி நேரம் அந்த மெஷினோட கட்டிப் போட்டுடறாங்க. பக்கத்துப் படுக்கைக்காரரு பேரப்பிள்ளைங்க பேரெல்லாம் ஒப்பிச்சு முடிச்சுட்டாரு. இனிமே அவங்க மார்க் ஷீட்டுதான் பாக்கி."

போட்டுக் கொடுத்தேன். ரகசியத்தை இப்போது உடைப்பதற்கு பெர்னடெட் மன்னிக்கட்டும். போடும்போது பார்த்தேன், படகுச் செயலி அதில் இல்லை.

"படகுக்கு இடம் பதிவு பண்றதில்லையா?"

"அது அவரோட கட்டளை. பதிவு பண்றதெல்லாம் கரைக்காரங்களுக்காம். நாம வரிசையில நிக்கிற ஜனமாம்." காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ட்ரீட்மெண்ட் முடியறப்ப அஞ்சு மணி ஆயிடும். நாலு மணிப் படகு போயிருக்கும். கடைசிப் படகும் நின்னா, அங்க என் தங்கச்சி வீட்டுலதான் போயி இருக்கணும். அவரும் வந்துடுவாரு. கடைய வித்துடுவோம்."

"இத ஊர்ல சொன்னானா அவன்?"

"அவரா? தனக்குன்னு யார்கிட்டயும் ஒண்ணு கேக்க மாட்டாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு, வாத்தியாரே. எப்படித்தான் சண்ட வந்துச்சோ."

அப்போது வெண்டெல் உள்ளே வந்தார். மனைவியின் கைபேசி என் கையில் இருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "என்ன, போன் ரிப்பேரா?" என்று சுவரைக் கேட்டார்.

"ரிப்பேர் இல்ல. ரெடி" என்று சுவருக்குப் பதில் சொன்னேன்.

அன்று என் வேலைச் செயலியில் குறி போட முடியவில்லை. சுவரிடம்தான் பேசினேன் என்று வாதாடிப் பார்த்தேன். என் படிப்பு இடம் தரவில்லை. 'பரவாயில்லை, நாளை மீண்டும் தொடங்கலாம்' என்று செயலி ஆறுதல் சொன்னது.

இனி மூன்றாவது, பயணச் செயலி. வெள்ளைப் படகு, கீழே மூன்று அலை. அதன் எழுத்து சிறியது, நிறம் மங்கல், கடவுச்சொல்லை மறந்தால் ஆறு கேள்வி கேட்கும். அதன் குறைகளை மட்டும் சொல்லவே எனக்குத் தனி மாலை வேண்டும். ஆனால் நேற்று முன்தினம் அதைத் திறந்து கடைசிப் படகைப் பார்த்தேன். பதிவானவை நான்கு இடங்கள். அதே படகில் வீட்டுக்கு வந்தேன். கார் நிறுத்த இடமில்லை. ஜன்னலோரம் நாற்காலி இல்லை. சாண்ட்விச் தீர்ந்துவிட்டது. நாய்கள் மட்டுமே ஐந்து.

நாம் ஏறவில்லையா? ஏறினோம். இடித்துக்கொண்டு ஏறினோம். உட்காரவில்லையா? உட்கார்ந்தோம், ஒருவர் கோட்டின் மேல் ஒருவர் உட்கார்ந்தோம். பிறகு ஏன் செயலியில் அந்தப் படகு காலி? ஏனென்றால் நமக்குப் பெருமை. நாம் வரிசையில் நிற்கும் ஜனம். நம் வரிசை, நம் வழக்கம், நம் வீம்பு. நிரம்பி வந்த படகை நாமே காலி என்று அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

"பதிவு செய்தால் வரிசை செத்துப்போகும்" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, அந்த வழக்கத்தால் பதவியை இழந்தவன் சொல்கிறேன், வழக்கத்தை விடச் சொல்லவில்லை. வரிசையில் நில்லுங்கள். சாவியை வண்டியிலேயே விடுங்கள். மேட்டில் ஏறி ரோல் தின்னுங்கள். பின்னால் இருப்பவரை நம்புங்கள். நானே நம்பலாம் என்றால் உங்களுக்கென்ன? அதற்கு முன்னால், கைபேசியை எடுத்து, அந்த வெள்ளைப் படகை ஒரே ஒரு முறை தொடுங்கள். கம்பளி பின்னுகிறவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தொடுங்கள். கைபேசியே வேண்டாம் என்பவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துத் தொடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மாலைக்கும், அக்டோபர் முழுவதும் பதிவு செய்யுங்கள். காலி என்று காட்டும் அந்தத் திரையில், நாம் இருக்கிறோம் என்று நாமே எழுதுவோம். நான் என் இடங்களைப் பதிந்துவிட்டேன்.

இது பெர்னடெட்டுக்காக என்று நினைக்கிறீர்களா? ஆம். அந்தக் கொலைக் கதையில் யார் கொன்றது என்று எனக்கு அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் எனக்கும் இதில் ஒரு சுயநலம் உண்டு. வெண்டெல் கரைக்குக் குடிபோய்விட்டால் நான் யாரோடு பேசாமல் இருப்பேன்? மூன்று ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த பகை இது. புதிதாக ஒருவரோடு முதலிலிருந்து தொடங்க எனக்கு வயதில்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும். தினமும் அந்தக் கடை திறக்க வேண்டும். தினமும் நான் அதைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

பொறுமையாகப் படித்த உங்களுக்கும், தொலைவிலிருந்து மணியடிக்க முடியாமல் தவித்த தலைவர் லோர்னாவுக்கும், என் பங்குக்கும் சேர்த்துச் சமைத்த தாய்மார்களுக்கும், கதவோரம் நின்று கேட்ட கடைக்காரருக்கும் நன்றி. படகில் சந்திப்போம். வணக்கம்.

இதன் அடியில் என் பெயரை எழுதினேன். முழுப் பெயர், பட்டங்களோடு. தீவின் இணைய அறிவிப்புப் பக்கத்தில் ஏற்றப் போகும்போது நிறுத்தினேன். என் பெயர் இருந்தால் வெண்டெல் பதிய மாட்டார். நான் சொல்லி அவர் எதையும் செய்ததில்லை. அவர் சொல்லி நானும் செய்ததில்லை. அவர் பதியாவிட்டால் கடைக்கு வரும் பாதித் தீவும் பதியாது. பச்சை வேகன் இங்கே ஒன்றுதான் ஓடுகிறது, எழுதியவன் யார் என்று பாதி படிக்கும்போதே தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்வதில் இந்தத் தீவுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பெயர் இல்லாவிட்டால், யாருக்கும் கீழ்ப்படியாமலே அவர் அந்தப் படகைத் தொடலாம்.

பெயரை அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.