உள்ளே நடமாட்டம்

நல்ல அலாரம் ஒன்றைச் செய்வதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, ஐயா. வாசல் விளக்குகளுக்குப் பூட்டுகிற சென்சர் ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று, உடைந்த ஓட்டோவிலிருந்து கழற்றிய ஹோர்ண் ஒன்று, வீட்டில் சும்மா கிடந்த பட்டன் போன் ஒன்று. அவ்வளவுதான். உள்ளே ஆள் அசைந்தால் சென்சருக்குத் தெரியும். ஹோர்ண் அலறும். பட்டன் போன் என் போனுக்குத் தானாகவே அழைப்பு எடுக்கும். அதை எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே நடக்கிற சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும். வீடியோ பார்த்து நானே செய்தேன். கூரை ஓரத்தில் சின்னதாக ஒரு சோலார் தகடு பூட்டியிருந்ததால் அந்த வருட மின்வெட்டுக்கூட அதைத் தொடவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். உரம் கிடைக்காத வருடம் அது. உங்களுக்கும் நினைவிருக்கும். தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே யோசித்து நான் யூரியா மூட்டைகளை வாங்கி எங்கள் களஞ்சிய ஸ்ரோரில் அடுக்கியிருந்தேன். சரவணையில் எங்கள் வீட்டிலிருந்து தள்ளி, பனங்காணிக்கு நடுவில் இருக்கிறது அந்த ஸ்ரோர். அப்பா கட்டியது. தெற்கில் அவர் வைத்திருந்த கடையைக் கலவரத்தில் உடைத்துக் கொள்ளையடித்துவிட்டுத்தான் எரித்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர், யாராலும் உடைத்து நுழைய ஏலாத ஒன்றைக் கட்டினார். உயரச் சுவர், ஜன்னல் கிடையாது, ஓர் இரும்புக் கதவு. உள்ளே இருப்பவர் வெளியே வருவது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. சுற்றியுள்ள வீடுகளெல்லாம் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டன. வேலிகள் மட்டும் நிற்கின்றன.

அந்த ஸ்ரோரில் மூட்டைகள் குறையத் தொடங்கின. பூட்டு உடையவில்லை, சுவரில் கீறல்கூட இல்லை. உரம் கேட்டு வந்த எல்லோரையும் நான் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தேன். அதனால் யாராக இருக்கும் என்று யோசிக்க நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து போகிறவர், ஸ்ரோர்ப் பூட்டின் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரிந்தவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். சதீசன். கூரை வேலை, வேலி வேலை என்று எங்களுக்கு எல்லாம் செய்து தருகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாகப் போன் கிடையாது. மனைவி பெயர் நிலாந்தி.

அலாரம் பூட்டும்போது ஏணியில் ஏறி அந்தப் பட்டன் போனைக் கூரையின் மேல் வளைமரத்தோடு கம்பிக் கூட்டுக்குள் கட்டித் தந்தவரும் அவர்தான். பிறகு சென்சருக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நடந்தார். என் போன் அடித்தது. "அண்ணை, நான் கை காட்டினா நீங்கள் வீட்டிலை இருந்தே காணுறியள்," என்று சிரித்தார். அதன் பிறகு ஒரு மூட்டையும் குறையவில்லை. அலாரம் இருக்கிறது என்று தெரிந்தவன் நிறுத்திவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதில் பிழை இல்லை.

ஒரேயொரு தொல்லை, பூனை. அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற் ஒன்றில் இருந்த ஓட்டையால் இறங்கி எலி பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஹோர்ண் அலறும். பனங்காணிக்கு அப்பால் இருக்கிற ஆழ்வாப்பிள்ளை அண்ணை முதலில் தடியோடு ஓடி வந்தார். பிறகு வேலியில் நின்றே, "தம்பி, உம்மடை பூனை வந்திட்டுது," என்று கூப்பிடுவார். கடைசியில் அதுவும் இல்லை. அந்த ஹோர்ண் அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்துவிட்டது.

அன்று காலை நான் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெற்றோல் இல்லாததால் சைக்கிளில் போனேன். சோளகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரோரின் பின்சுவரில் ஏணி சாத்தியிருந்தது. கீழே ஒரு துண்டுச் சீற், ஒரு தகரப் பேணியில் தார். பனையோடு சதீசனின் சைக்கிள். மேலே அஸ்பெஸ்ரஸ் ஆள் விழுகிற அளவுக்கு உடைந்திருந்தது. நான் கதவைத் தட்டினேன்.

"ஆர் உள்ளுக்கு?"

"அண்ணை, நான் சதீசன். சீற் உடைஞ்சு விழுந்திட்டன். கால் முறிஞ்சு போச்சு, எழும்ப ஏலாமல் கிடக்கு. கெதியாத் திறவுங்கோ."

"ஏன் மேலை ஏறினனீர்?"

"பூனை வாற ஓட்டையை அடைப்பம் எண்டு வந்தனான். உங்களிட்டைச் சொல்ல வீட்டுக்கும் வந்தனான், ஒருத்தரும் நிக்கேல்லை."

திறப்பு என் மடியில் இருந்தது. அதைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போதுதான் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று தோன்றியது. ஒரு கள்ளன் கையோடு தாரும் சீற்றும் கொண்டுவந்தால் அது நல்ல மறைப்புத்தானே.

"என்ரை உர மூட்டையள் எங்கை, சதீசன்?"

"எந்த மூட்டை அண்ணை?"

"யோசிச்சுச் சொல்லும்," என்றேன்.

அவரை யோசிக்க விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். வெளிச்சுவரில் ஹோர்ணுக்குப் போகிற வயரைக் கழற்றினேன். ஊருக்கு ஏன் தொந்தரவு? ஏணியையும் சீற்றையும் சைக்கிளையும் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கால் மூடினேன். வெளியே கிடந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள்.

மறுநாள் போத்தலில் தண்ணீர் கொண்டு போனேன். அதே கேள்வியைக் கேட்டேன். "சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணை, தண்ணி தாங்கோ," என்றார். தண்ணீர் கொடுப்பதென்றால் கதவைத் திறக்க வேண்டும். திரும்பி வரும்போது வெயில் கொடுமையாக இருந்தது. வழியில் அதை நானே குடித்தேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பூனை அடித்தால் ஒரு முறை அடித்து ஓயும். இது அப்படியில்லை. அவர் கிடந்த இடத்திலிருந்து கையை ஆட்டுகிறார் என்று விளங்கியது. கொஞ்சம் விட்டு மறுபடி, கொஞ்சம் விட்டு மறுபடி. நான் காணவில்லை என்று நினைத்திருப்பார். போனில் சார்ஜ் இல்லை என்றோ சிக்னல் இல்லை என்றோ நினைத்திருப்பார். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர்.

நிலாந்தி வந்தபோது நான் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணை, இவரைக் கண்டனீங்களோ? உங்கடை ஸ்ரோர்க் கூரையைத் திருத்தப் போறன் எண்டு நேற்றுச் சொல்லிப்போட்டு வந்தவர். இன்னும் வீட்டை வரேல்லை."

"இல்லையே பிள்ளை. நான் இப்பவும் ஸ்ரோருக்குப் போயிட்டுத்தான் வாறன். அங்கை ஒருத்தரும் வரேல்லை."

என் சட்டைப் பையில் போன் அடித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன் அடிக்குது, எடுங்கோ அண்ணை. அவரைப் பற்றி ஆரும் சொல்லுறாங்களோ தெரியாது."

"அது பூனை," என்றேன்.

அவள் என்னை நம்பினாள். ஊரில் எல்லோரும் என்னை நம்புவார்கள். ஸ்ரோர்ப் பக்கம் யாரும் போகவில்லை. அன்று பின்னேரம் கிணறுகளில் தேடினார்கள். அல்லைப்பிட்டிக் கரைவரைக்கும் நடந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணை தள்ளாத வயதிலும் வந்தார். நானும் போனேன், ஐயா. எல்லோரோடும் சேர்ந்து "சதீசன், சதீசன்" என்று கூப்பிட்டேன். போனைச் சத்தம் வராமல் வைத்திருந்ததால் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி துஷாந்தி குசினியில் அடுப்பு மூட்டாமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அந்தப் பெடியனிலை சந்தேகப்பட்டு ஏதும் பேசிப்போட்டியளோ? அதாலை எங்கையும் ஓடிப்போட்டானோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"மூட்டையளை அவன் எடுக்கேல்லை. நான்தான் எங்கடை அம்பிகை அக்காவுக்குக் குடுத்தனான். அவையின்ரை தோட்டம் கண்ணுக்கு முன்னாலை செத்துக்கொண்டு கிடந்தது. உங்களைக் கேட்டால் தரமாட்டியள் எண்டு கேக்கேல்லை. நீங்கள் அலாரம் பூட்டினாப் பிறகு எனக்கு ஏலாமல் போச்சு."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. அவர் அப்போது உயிரோடு இருந்தார். இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். உண்மை தெரிந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார். திறப்பு என் மடியில் இருந்தது. என் சைக்கிள் வாசலில் நின்றது.

நான் யோசித்துப் பார்த்தேன். கதவைத் திறந்தால் நிலாந்திக்கு என்ன சொல்வது? என்னோடு சேர்ந்து கிணறு கிணறாக எட்டிப் பார்த்த ஊருக்கு என்ன சொல்வது? முதல் நாள் திறந்திருந்தால் கால் முறிந்த ஒரு மனிதர் வெளியே வந்திருப்பார். இப்போது திறந்தால் வெளியே வருவது வேறு ஒன்று. அது வாய் திறந்து பேசும். நான் துஷாந்தியிடம் சோறு போடச் சொன்னேன்.

அடுத்த நாள் போன் அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. மதியத்தில் ஒரு முறை அடித்தபோது அதை எடுத்துக் காதில் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. முதலில் காற்றுச் சத்தம். பிறகு மூச்சு. பிறகு அவருடைய குரல். அடையாளம் காண முடியாத அளவுக்கு வறண்டிருந்தது.

"அண்ணை... நான்தான் எடுத்தனான். மூட்டையெல்லாம் நான்தான் எடுத்தனான். திறவுங்கோ."

இவ்வளவு நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் அது. முதல் நாள் அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திறந்திருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சன் அல்ல. போனை வைத்தேன். அதன் பிறகு அது அடிக்கவில்லை. அடிக்காமல் விட்டு நன்றாகப் பொழுது போன பின்தான் கதவைத் திறந்து, கூரையால் விழுந்த ஒருவரைக் கண்டதாக ஆழ்வாப்பிள்ளை அண்ணையைக் கூப்பிட்டேன்.

துஷாந்தி கொட்டிலில் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்தாள் என்று அறிகிறேன். அவளில் எனக்குக் கோபம் இல்லை. நிலாந்தியிலும் இல்லை. அவள் என் முகத்தில் துப்பியதை அவளுடைய துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஆம், அவரை உள்ளே சாகவிட்டது நான்தான். தெரிந்துதான் விட்டேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கடைசி முறை அவர் குரலைக் கேட்டபோது, சைக்கிளை எடுப்போமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அந்த மூட்டைகளை அவர் எடுக்கவில்லை என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் எடுத்தேன் என்று என்னிடமே சொல்கிறார். பொய் சொல்கிற ஒருவருக்கு நான் எப்படிக் கதவைத் திறந்துவிடுவது, ஐயா?