சம்பளத்தில் பிடிக்காத கடை

ஜீப்பில் ஆள் அதிகமானால் எனக்குப் பயம். அதனால் எண்ணிக்கொள்வேன். அன்று கம்பத்திலிருந்து மலைக்கு ஏறியது டிரைவர், நான், பர்மாவிலிருந்து திரும்பி வந்து துணி மூட்டையோடு வியாபாரம் செய்யும் ஒரு பர்மாக்காரர், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்.

“பர்மாக்காரவுக எல்லாரும் பொழச்சுக்கிட்டீக, அண்ணே,” என்றார் அந்த அம்மாள்.

“நாங்க அங்கனயும் யாவாரம்தான் ஆத்தா. கடைதான் போச்சு, தொழில் போகல. ஒங்களுக்கும் கடை வைக்கக் கவர்மெண்டுல கடன் குடுத்தாகள்ல?”

“குடுத்தாக. தேயிலைத் தோட்டத்துலயே இருந்த மனுசன், எங்க வீட்டுக்காரரு, கடை வச்சாரு. ஊரே கடனுக்கு வாங்குச்சு. ஒருத்தர்கிட்டயும் திருப்பிக் கேக்கல.”

“ஏன்?”

“சிலோன்ல, தோட்டத்துல கடைப் பாக்கியச் சம்பளத்துலயே பிடிச்சு, கடைக்காரர்கிட்டக் குடுத்துருவாக. இங்கனயும் யாரோ பிடிச்சுக் குடுப்பாகன்னு மாசாமாசம் காத்திருந்தாரு.”

மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பர்மாக்காரர் சிரிக்கவில்லை.

“இப்ப அவரு?”

“போன தையில காமாலையில போயிட்டாரு. கடனைக் கட்டலைன்னா வீட்ட எடுத்துக்குவாகளாம். அதான் எஞ் சம்பளத்துல பிடிச்சுக்கங்கன்னு ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகிட்டச் சொல்லிருக்கேன்.”

“எம்புட்டு நிக்குது?”

“நாலாயிரத்து முந்நூறு ரூவா.”