கழுவாமல் விட்ட பாதி

அம்மாக்களே, இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லட்டுங்களா? சின்னதுதான்.

நம்ம பிள்ளைங்க சாக்லேட் சாப்பிடுதே... அது எதுல இருந்து வருது? கோகோன்னு ஒரு காய். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழல்ல வளருது. அடிமரத்துலயே பப்பாளி மாதிரி ஒட்டிக்கிட்டுத் தொங்கும். உடைச்சா உள்ளே வெள்ளையா, வழவழன்னு சதை. சதைக்குள்ள கொட்டை. அந்தக் கொட்டையிலதான் சாக்லேட் செய்யறாங்க.

அங்க பூங்கோதைன்னு ஒரு அக்கா. வீட்டுக்காரர் துரைசாமிகிட்ட கெஞ்சி, தென்னைக்கு நடுவுல கோகோ வெச்சாங்க. அவர் என்ன சொன்னார்? "முதல் காய்ப்பு பார்ப்பேன். தேறலைன்னா அத்தனையும் வெட்டிருவேன். அப்புறம் அழக்கூடாது."

முதல் காய்ப்பு வந்துச்சு. கோகோக் கன்னு குடுத்த கம்பெனிக்காரங்க சொன்னபடி, கொட்டையைச் சதையோட மரப்பெட்டியில கொட்டி, வாழை இலையால மூடினாங்க. ஒரு வாரம் போல இருக்கணும். நடுநடுவே கிளறி விடணும்.

மூணாம் நாள்... நாத்தம். புளிச்ச கள்ளு மாதிரி நாத்தம். பெட்டிக்கு அடியில தண்ணி ஒழுகுது. கையை வெச்சா சுடுது. மாமியார் மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க.

"ஏம்மிணி, சாக்லேட் பண்றியா, சாராயம் காய்ச்சறியா?"

"அழுகிருச்சுங்க அத்தை..."

"அழுகினா கழுவு. அதையும் நானா சொல்லணும்?"

நாம என்ன செய்வோம்? எதையும் கழுவித்தானே காய வைப்போம்? அந்த அக்காவும் மோட்டாரைப் போட்டு, பாதிக் கொட்டையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, பளிச்சுன்னு வெயில்ல பரப்பினாங்க. மீதியைக் கழுவப் போனா... கரண்ட் போயிருச்சு. டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு, நாலஞ்சு நாளா வரலை. உக்காந்து அழுதாங்க. வேற வழியில்லாம மீதியை மூடி வெச்சு, கிளறி மட்டும் விட்டாங்க. கரண்ட் வந்தப்போ அது பழுப்பேறிக் கிடந்துச்சு. இனி எதுக்குக் கழுவறதுன்னு அப்படியே ஓரமா காயப் போட்டாங்க.

கொட்டை வாங்க இப்ராகிம்னு ஒருத்தர் வந்தார். துரைசாமி பக்கத்துலயே நிக்கிறார். கழுவின குவியல்ல ஒண்ணை எடுத்து, இப்ராகிம் கத்தியால ரெண்டா வெட்டினார். உள்ளே ஊதா நிறம்.

"இதைக் கழுவிட்டீங்களாக்கா?"

"ஆமாங்க. சுத்தமா."

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா புளிக்கலையே. புளிக்காத கொட்டையில சாக்லேட் வாசனை வராது. வெறும் கசப்புதான்."

அக்கா ஓரமாக் கையைக் காட்டினாங்க. "அழுகின மாதிரி... இன்னொரு குவியல் இருக்குதுங்க. காட்டட்டுங்களா?"

அதுல ஒண்ணை வெட்டினார். உள்ளே நல்ல பழுப்பு. முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். "இதாங்கக்கா சாக்லேட்டு. இதைப் போய் ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

துரைசாமி தன் அம்மாவைப் பார்த்தார். மெதுவா ஒரு பெருமூச்சு விட்டார். "அடுத்த காய்ப்புக்கு மோட்டார் ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டும்"னார்.

அடுத்த காய்ப்புன்னு சொன்னார் பாருங்க... அந்த அக்காவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்? இந்தத் தையல் சென்டருக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கீங்க. முதல் மாசம் ஊசி உடையும். ஜாக்கெட்டுக்கு ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா வரும். "இதுக்கா பஸ் ஏறிப் போறே, நாளையில இருந்து வீட்டுல இரு"ன்னு சொல்லத் தோணும். சொல்லாதீங்கம்மா. உங்க பொண்ணு துணியைக் கெடுக்கலை, கத்துக்கிட்டு இருக்கா. கத்துக்கிற நேரம்... பார்க்க நல்லாவே இருக்காது. கோர்ஸ் முடியற வரைக்கும் விடுங்க. அவ தைச்ச ஜாக்கெட்டை நீங்க போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க, சென்டருக்குப் போகணுமா நிக்கணுமான்னு.