அச்சடித்த சைக்கிள் பிடி

"நிக்கவைச்சபடியாலைதான் முறிஞ்சது. படுக்கவைச்சிருக்கவேணும்."

உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல். யாரோ கால் முறிந்தவரின் கதை என்று காதை நீட்டினேன். பேசியது ஒரு மனைவி, கணவரிடம். மனைவிக்கு இடது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. சைக்கிள் ஹாண்டிலைப் பிடிப்பதற்காகக் கணவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக அச்சடித்துக் கொடுத்த பிடி, இரண்டு துண்டாக மடியில் கிடந்தது.

"உள்ளுக்குத் தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டிட்டன், அதுதான். இந்தமுறை முழுக்க நிரப்பிறன்."

"நிரப்பினாப்போலை? இஞ்சை பாருங்கோ, விறகு பிளந்தமாதிரி அடுக்குக்கு அடுக்கு கழண்டிருக்கு. நிக்கவைச்சு அச்சடிச்சனீங்களெல்லே."

நானும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே நன்றாக நிரப்பிய உடம்புதான் என்னுடையதும். டிரைவர் பிரேக் போட, முதலில் சரிந்தது நான்தான்.

"படுக்கவைச்சா அடுக்கு நீளப்பாட்டுக்கு ஓடும். இழுத்தாலும் லேசிலை பிரியாது," என்றார் மனைவி.

"சரியப்பா. திரும்ப விழுந்தா? பேசாமல் சைக்கிளைக் குடுத்திடுவம். நான் உம்மைப் பள்ளிக்கூடத்துக்கு மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன்."

மனைவி துண்டுகளைப் பொறுக்கிக் கணவரின் சட்டைப் பைக்குள் போட்டார்.

"விழுந்தது நான், பயப்பிடுறது நீங்கள். படுக்கவைச்சு அச்சடியுங்கோ. திங்கக்கிழமை நான் சைக்கிளிலைதான் படிப்பிக்கப் போவன்."