வெளியே போகாத மெயில்

கராடி ஐ.டி. பகுதியில் சாயங்கால பஸ் வரிசை. எனக்கு முன்னால் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், கழுத்தில் ஒரே ஆபீஸின் அட்டைகளோடு நின்றார்கள். சுற்றிலும் மராத்திதான் என்ற தைரியத்தில் தமிழில் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு மத்தியானத்துலேர்ந்து மெயிலா வந்துட்டு இருக்குடா. கீழ உன் பேரு.”

“ஐயோ, உனக்கு வந்துச்சா? அது டெஸ்ட் மெயில்! என் லேப்டாப்லயே ஒரு மெயில் சர்வர் போட்டிருக்கேன். எதை அனுப்பினாலும் அதுவே பிடிச்சு வெச்சுக்கும். வெளிய போகவே போகாது.”

“போயிருக்கே!”

“செட்டிங்ல நிஜ சர்வர் பேரை மாத்தாம விட்டுட்டேன் போல.”

“சரி, டெஸ்டுக்கு என் அட்ரஸ் எதுக்கு?”

“வெளிய போகாதுங்கற தைரியம்தான்.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நானும் பதில் போட்டேன். அனுப்பினவர் அட்ரஸ்னு ஏதோ பொய்யா போட்டு வெச்சிருக்க. திரும்பி வந்துடுச்சு.”

“என்ன எழுதியிருந்தே?”

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் “சலா, சலா” என்று ஏறச் சொல்லிக் கத்தினார். அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

“எங்கப்பாகிட்ட மட்டும் டெஸ்ட் எதுவும் பண்ணாம, நேரா வந்து பேசுன்னு எழுதினேன்.”